உயர்நிலைப் பள்ளியும் தொழில் ஆயத்தமும்: தமிழ்நாட்டின் அனுபவம்

1882ஆம் ஆண்டில் வில்லியம் ஹண்டரின் தலைமையில் நியமிக்கப்பட்ட இந்தியக் கல்விக் கமிஷன், உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளை இரு கிளைகளாகப் பிரித்து, ஒன்றைச் சர்வகலாசாலைப் பிரவேசத்திற்குரியதாகவும், மற்றொன்றை வாணிபம் முதலிய நடைமுறைத் தொழில்களில் புகவிருக்கும் மாணாக்கர்க்குரியதாகவும் அமைக்க வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அதன்பின் 1929இல் ஹார்டாக் குழுவும், 1937இல் ஆபட், உட் என்னும் இரு நிபுணர்களின் அறிக்கையும், 1944இல் சார்ஜண்ட் திட்டமும், 1953இல் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரின் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷனும், 1966இல் கோத்தாரி கமிஷனும், 1978இல் மால்கம் ஆதிசேஷையா குழுவும், 1985இல் வா. செ. குழந்தைசாமியின் தலைமையில் இயங்கிய தேசியப் பணிக்குழுவும், 1986, 2020ஆம் ஆண்டுகளின் தேசியக் கல்விக் கொள்கைகளும் வெவ்வேறு சொற்களால் சாராம்சத்தில் அதே சிபாரிசையே திரும்பச் செய்திருக்கின்றன. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளாக அறிஞர் பலரும் ஒருமுகமாகக் கூறிவந்த ஒரு யோசனை நாட்டில் வேரூன்றவில்லையெனில், அதை மறுபடியும் உரக்கச் சொல்வதனால் பயனில்லை. வேரூன்றாமைக்குக் காரணம் யாது என்பதையே முதற்கண் ஆராய வேண்டும்.

இக்கேள்விக்குச் சாதாரணமாகக் கூறப்படும் விடை யாவரும் அறிந்ததே. நம் மக்கள் உடலுழைப்பை இழிவாகக் கருதுகிறார்கள், மெக்காலே வகுத்த கல்வி எழுத்தர்களை உண்டாக்குவதற்கென்றே ஏற்பட்டது, பெற்றோர்க்கு நாற்காலி உத்தியோகத்தின்மீது தீராத மோகம் இருக்கிறது என்று மேடைதோறும் கேட்கிறோம். இவ்விடையில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும், குற்றம் முழுவதையும் பெற்றோர் மீதும் மாணாக்கர் மீதும் சுமத்திவிட்டுத் திட்டம் வகுத்தவர்களை முற்றிலும் விடுவித்துவிடுகின்ற ஒரு விடையை, அது செவிக்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக நாம் ஏற்றுக்கொண்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டின் அனுபவத்தைக் கூர்ந்து நோக்கினால், நம் குடும்பங்கள் கைத்தொழிலை வெறுத்தமையால் தொழிற்கல்வியை நிராகரிக்கவில்லை என்பதும், அப்பாதையின் முடிவில் கதவு மூடியிருந்ததைக் கண்டே நிராகரித்தன என்பதும் புலனாகும்.

இத்தகைய முடிவுக்கு வேறொரு நாட்டை ஆராய்ந்த அறிஞர் ஒருவர் முன்னமேயே வந்திருக்கிறார். பிலிப் ஃபாஸ்டர் என்பவர் ஆப்பிரிக்காவின் கானா தேசத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், அத்தேசத்து மாணாக்கர்கள் இலக்கியப் படிப்பை நாடியது அறியாமையினாலோ ஆடம்பரத்தினாலோ அன்று என்றும், எந்தப் படிப்பு எத்தகைய ஊதியத்தையும் அந்தஸ்தையும் பெற்றுத்தரும் என்பதை அவர்கள் மிகத் துல்லியமாகக் கணித்திருந்தார்கள் என்றும் எடுத்துக்காட்டினார். அவருடைய வாதப்படி, சாதாரண உயர்நிலைப் பள்ளியே அந்நாட்டின் உண்மையான தொழிற்பள்ளி. ஏனெனில், நல்ல ஊதியமுள்ள உத்தியோகங்கள் அதன் வழியாகவே கிட்டின. பாடத்திட்டத்தை மாற்றிவிட்டு, ஊதியங்களின் அமைப்பை மாற்றாமல் விட்டால், மாணாக்கரின் மனம் மாறாது என்பதே அவர் கண்ட முடிவு.

சென்னை மாகாணத்தின் நிலையும் இதுவேயன்றோ? மெட்ரிகுலேஷனும் அதன்பின் வந்த எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையும் அரசாங்க அலுவலகங்களின் வாயிற்படியாக இருந்தன. தாலுகா கச்சேரியிலோ ரெயில்வே ஆபீசிலோ ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால், மழையையும் மிராசுதாரின் தயவையும் எதிர்பார்த்து வாழ்ந்த ஒரு குடும்பம், மாதம் தவறாத சம்பளத்தையும் முதுமைக்கு ஒரு பென்ஷனையும் பெற்றது. அன்றியும், பிறப்பை வைத்தே தொழிலை நிர்ணயித்திருந்த ஒரு சமூகத்தில், சலவைத் தொழிலாளியின் மகனுக்கும் தோல் பதனிடுவோரின் மகனுக்கும் எழுதுகோல் என்பது பிறப்பு விதிக்காத முதல் கருவியாக வாய்த்தது. அக்கருவியை அவர்கள் இறுகப் பற்றிக்கொண்டதை மோகமென்று பெயரிட்டு அழைப்பது நியாயமாகாது.

கைத்தொழிலைக் கல்வியின் மையத்தில் வைக்கும் முயற்சிகளுள் மிக உன்னதமானது 1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டிலிருந்து தோன்றிய ஆதாரக் கல்வித் திட்டமாகும். காந்தியடிகளின் கருத்துக்கு உருக்கொடுக்க ஜாகிர் ஹுசேனின் தலைமையில் அமைந்த குழுவில், யாழ்ப்பாணத்தில் பிறந்து சாந்திநிகேதனத்தில் பணியாற்றி வார்தாவில் வந்து தங்கிய இ. டபிள்யூ. ஆரியநாயகம் அமைப்பாளராக இருந்தார் என்பதும், தஞ்சையில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா ஓர் அங்கத்தினராக இருந்தார் என்பதும் தமிழர்கள் நினைவிற் கொள்ளத்தக்கவை. நூற்பையும் நெசவையும் தனிப்பாடங்களாக வைக்காமல், அவற்றின் வழியாகவே கணக்கையும் பூகோளத்தையும் சரித்திரத்தையும் போதிப்பது என்னும் அக்கருத்து, கையையும் மூளையையும் பிரித்துவைத்த பழைய மரபுக்கு நேர் எதிரானது. குழந்தைகள் செய்யும் பொருள்களை விற்றுப் பள்ளியின் செலவை ஈடுகட்டலாம் என்ற அம்சத்தை அளவுக்கு மீறி வற்புறுத்தினால் கல்வி நோக்கம் பின்தள்ளப்படும் அபாயம் உண்டென்று அக்குழுவின் அறிக்கையே எச்சரித்தது. திண்டுக்கல்லுக்கு அருகே 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமத்திலும், தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் இத்திட்டம் பக்தியோடும் சிரத்தையோடும் அனுசரிக்கப்பட்டது. எனினும், பெரும்பாலும் ஆதாரப் பள்ளிகள் கிராமங்களில் இருந்தன; நகரத்தில் வக்கீலின் மகனும் டாக்டரின் மகனும் தக்ளியைக் கையில் எடுக்காமலே உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றார்கள். ஒரு வகுப்பாருக்கு மட்டும் நல்லதென்று மற்றொரு வகுப்பார் தீர்மானித்த கல்வியை, அந்த முதல் வகுப்பார் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை.

அந்த ஐயம் 1953ஆம் ஆண்டில் வெளிப்படையான போராட்டமாக மாறியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அப்போது முதலமைச்சராயிருந்த இராஜாஜி, கிராமப்புறத்து ஆரம்பப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதுமென்றும், எஞ்சிய நேரத்தில் தாய் தந்தையரின் தொழிலைக் கற்கலாமென்றும் ஒரு மாறுதலைக் கொண்டுவந்தார். இருக்கின்ற உபாத்தியாயர்களையும் கட்டடங்களையும் கொண்டே இருமடங்கு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்பதும், உழைப்பின் கௌரவத்தைப் பிள்ளைகள் இளமையிலேயே உணர்வார்கள் என்பதும் அதற்கு ஆதரவாகக் கூறப்பட்ட வாதங்கள். ஆனால், தந்தையின் தொழிலை மகன் கற்க வேண்டுமென்று அரசாங்கமே சொல்லும்போது, எந்தத் தந்தை, எந்தத் தொழில் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? பெரியார் இதைக் குலக்கல்வித் திட்டமென்று கண்டித்தார். திராவிட இயக்கத்தின் இரு பிரிவுகளும் எதிர்த்தன. காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே அதிருப்தி பெருகிற்று. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே, கல்வி அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

இந்நிகழ்ச்சி ஆரம்பக் கல்வியைப் பற்றியதேயன்றி உயர்நிலைப் பள்ளியைப் பற்றியதன்று. ஆயினும், பின்வந்த எழுபது ஆண்டுகளில் பள்ளியில் தொழில் என்ற பேச்சு எழும்போதெல்லாம் தமிழ்நாட்டில் ஒரு நியாயமான அச்சம் உடன் எழுவதற்கு இதுவே மூலகாரணம். அந்த அச்சத்தை முற்போக்குக்குத் தடையென்று கருதும் கல்வியாளர்கள் இருக்கிறார்கள்; எனக்கு அவ்வபிப்பிராயம் இல்லை. எந்தத் தொழிற்கல்வித் திட்டத்தையும் நிறுத்துப் பார்ப்பதற்கு அந்த அச்சமே ஏற்ற துலாக்கோல் என்பது என் கருத்து. ஒரு திட்டம் பிறந்த வீட்டின் தொழிலிலிருந்து பிள்ளையை வெளியே அழைத்துச் செல்கிறதா, அல்லது அவ்வீட்டிற்கே திருப்பி அனுப்புகிறதா என்று அதைக் கொண்டு அளந்து பார்க்கலாம்.

முதலியார் கமிஷன் இவ்விஷயத்தில் மிகுந்த விவேகத்தோடு சிந்தித்தது. அப்போது சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த இலட்சுமணசுவாமி முதலியார், தனித்தனியே தொழிற்பள்ளிகளை ஏற்படுத்தினால் அவை இரண்டாந்தரமாகவே கருதப்படும் என்பதை உணர்ந்து, இலக்கியம், விஞ்ஞானம், தொழில் நுட்பம், வாணிபம், விவசாயம், நுண்கலை, மனையியல் என்னும் ஏழு பிரிவுகளும் ஒரே கூரையின்கீழ் நடைபெறும் பல்நோக்கு உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிப் பேசினார். தொழிற்சாலைகளுக்கு அருகில் தொழில்நுட்பப் பள்ளிகள் அமைய வேண்டும், அவற்றின் செலவுக்குத் தொழில்களின்மீது ஒரு கல்வி வரி விதிக்கலாம், மாணாக்கர்க்கு எதிர்காலத் தொழிலைப் பற்றி ஆலோசனை கூறப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்றெல்லாம் அக்கமிஷன் கூறியவை இன்று படித்தாலும் புதுமை குன்றாதவை. எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புகளிலேயே என்ஜினீயரிங் என்றும் செக்ரடேரியல் என்றும் விருப்பப் பிரிவுகளைப் படித்த தலைமுறையினர் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். பட்டறை வைத்துக்கொடுப்பதற்குப் பணமும், பட்டறையில் கற்பிப்பதற்கு ஆளும் போதாமையால் அம்முயற்சி மெல்ல மெல்லத் தேய்ந்தது.

அடுத்த பெருமுயற்சி 1978இல் நிகழ்ந்தது. கல்லூரியிலிருந்த புகுமுக வகுப்பு நீக்கப்பட்டு, மேல்நிலைப் பள்ளிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, பொதுக்கல்விப் பிரிவுகளோடு தொழிற்பிரிவுகளும் உடன் தோன்றின. பொது இயந்திரவியல், மின் இயந்திரங்கள், வேளாண்மை, நெசவு, செவிலியம், கணக்குப்பதிவும் தணிக்கையும், அலுவலகச் செயலியல் எனப் பல பாடங்கள் ஊருக்கேற்றபடி அளிக்கப்பட்டன. மேல்நிலை மாணாக்கரில் பாதிப்பேர் தொழிற்கல்விக்கு வர வேண்டுமென்பது கோத்தாரி கமிஷனின் எதிர்பார்ப்பு. 1986ஆம் ஆண்டின் கொள்கை இதைத் தணித்து, 1990க்குள் நூற்றுக்குப் பத்து, 1995க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து என்று இலக்கு வைத்தது. 1992இல் அந்தக் கெடுவும் தள்ளிவைக்கப்பட்டது. இலக்குகளின் இந்தப் பின்வாங்கலே திட்டத்தின் கதியை அறியப் போதுமானது.

தமிழ்நாட்டுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் நடைபெறும் சேர்க்கையைக் கண்டவர்கள் இதன் காரணத்தை அறிவார்கள். பத்தாம் வகுப்பில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர்கள் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பிற்குப் போவார்கள். அடுத்தவர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பிற்கும், அதற்கடுத்தவர்கள் காமர்ஸ் குரூப்பிற்கும் போவார்கள். எஞ்சியவர்களை ஒகேஷனல் குரூப்பில் சேர்ப்பார்கள். ஒரு பிள்ளைக்கு லேத்தில் வேலை செய்யும் விருப்பமும் கைத்திறனும் உண்டா என்பதை எவரும் வினவுவதில்லை. கணிதத்தில் எத்தனை மதிப்பெண் என்பது ஒன்றே வினா. இவ்வாறு தோல்வியின் அடையாளமாகவே ஒரு படிப்பை வழங்கிவிட்டு, அதற்குக் கௌரவமில்லையே என்று ஆதங்கப்படுவது பொருந்தாத செயலாகும்.

படித்து முடித்தபின் என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் செவிலியப் பாடம் படித்து, மருத்துவமனைக்குச் சென்று பயிற்சியும் பெற்று வெளிவரும் ஒரு பெண், அந்தச் சான்றிதழை மட்டும் கொண்டு செவிலியர் பதிவேட்டில் தன் பெயரைச் சேர்க்க இயலாது. அதற்கென அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை அவள் முதலிலிருந்து மேற்கொள்ள வேண்டும். பொது இயந்திரவியல் படித்த பையன் தொழிற்சாலை வாயிலில் நின்றால், அங்கே ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்தவனுக்கே முதலிடம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதும், பொறியியல் கல்லூரிகளில் தொழிற்பிரிவினர்க்கு ஒரு சிறு ஒதுக்கீடு உண்டு என்பதும், 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தொழிற்பழகுநர் சட்டத்தின் வரம்புக்குள் இவர்களும் கொண்டுவரப்பட்டார்கள் என்பதும் உண்மை. அவை பயன் தந்தவையே. ஆனால், அவற்றின் வழியாகப் போனவர்களுக்கும் இப்படிப்பு மேற்படிப்புக்கு ஒரு சுற்றுவழியாகப் பயன்பட்டதேயன்றி, வேலைக்கு நேர்வழியாகப் பயன்படவில்லை. இடையில் பாடநூல்கள் பல்லாண்டுகள் புதுப்பிக்கப்படாமல் கிடந்தன; ஓய்வு பெற்ற தொழிற்கல்வி ஆசிரியரின் இடம் நிரப்பப்படாமையால் பல பள்ளிகளில் பிரிவே மூடப்பட்டது. அண்மையில் புதிய பாடத்திட்டம் வந்தபோது, தொழிற்பிரிவு மாணாக்கர் அனைவர்க்கும் வேலைவாய்ப்புத் திறன்கள் என்றொரு பாடமும் சேர்க்கப்பட்டது நல்ல காரியம்.

இனி, இதற்கு நேர்மாறான ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே நோக்க விரும்புகிறேன். கமிஷன்களின் அறிக்கைகளில் இதற்கு உரிய இடம் கிடைத்ததில்லை. தமிழ்நாட்டில் சிற்றூர்க் கடைவீதிகளில்கூட, மாடிப்படியேறிச் சென்றால் வரிசையாகத் தட்டச்சு இயந்திரங்கள் ஒலிக்கும் ஓர் இன்ஸ்டிடியூட் இருந்தது. இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள், மாதக் கட்டணத்தைத் தம் வீட்டிலிருந்து கொடுத்து, காலையில் ஒரு மணி நேரமோ மாலையில் ஒரு மணி நேரமோ அங்கே சென்று, முதலில் லோயரும் பின்னர் ஹையரும் முடித்தார்கள். நிமிடத்திற்கு 30 சொல் இளநிலைக்கும், 45 சொல் முதுநிலைக்கும் என்று வரையறுத்து, தொழில்நுட்பக் கல்வித் துறையே ஆண்டுக்கு இருமுறை பரீட்சை நடத்திச் சான்றிதழ் அளிக்கிறது. அச்சான்றிதழைத் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளுக்குரிய தகுதியாகத் தேர்வாணையம் ஏற்றுக்கொள்கிறது. அரசாங்கம் ஒரு காசும் மானியம் கொடாமலும், உழைப்பின் உயர்வைப் பற்றி ஒரு பிரசங்கமும் நிகழாமலும், தலைமுறை தலைமுறையாக இலட்சோபலட்சம் பிள்ளைகள், அதிலும் முக்கியமாக நடுத்தர, ஏழைக் குடும்பத்துப் பெண்கள், இத்தொழிற்கல்வியை நாடிச் சென்றார்கள்.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று? கற்கும் திறமை இன்னதென்று ஐயத்துக்கிடமின்றி வரையறுக்கப்பட்டிருந்தது. கற்பித்த ஆசிரியரல்லாத வெளியார் ஒருவர் அதைச் சோதித்தார். சோதனையில் தேறினால் பெறக்கூடிய உத்தியோகம் கண்ணுக்குத் தெரிந்தது. இதைக் கற்பதற்காக எவரும் தம் பள்ளிப் படிப்பையோ கல்லூரி ஆசையையோ கைவிட நேரவில்லை. முக்கியமாக, எல்லாச் சாதியாரும் எல்லா மதிப்பெண்காரர்களும் அருகருகே அமர்ந்து அங்கே பயின்றார்கள். முதல் குரூப் மாணவிக்கும் காமர்ஸ் மாணவனுக்கும் அந்த விசைப்பலகை ஒன்றேயாக இருந்தது. கம்ப்யூட்டர் வந்தபின் தட்டச்சின் தேவை குறைந்தது வேறு விஷயம். ஒரு தொழிற்பயிற்சி மக்களால் விரும்பி ஏற்கப்படுவதற்கு வேண்டிய நிபந்தனைகள் அனைத்தையும் கடைத்தெருவில் எளிய மனிதர்கள் நடத்திய அந்நிலையங்களில் நாம் பிரத்தியட்சமாகக் காண்கிறோம்.

கோயம்புத்தூரும் இவ்வகையில் ஆராயத்தக்கது. 1926இல் ஏற்பட்ட பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் ஆதரவில் பீளமேட்டில் வளர்ந்த தொழிற்கூடத்தில், விற்பனைக்கென்றே பம்புகளும் மோட்டார்களும் செய்யப்பட்டன. பயில்வோர் செய்யும் பொருள் வாங்குபவனின் கண்ணுக்குத் தப்பாது என்ற நிலை இருந்தமையால், பயிற்சி வெறும் பாவனையாக முடியவில்லை. இளமையிலேயே பள்ளியை விட்டு வெளியேறிய ஜி. டி. நாயுடு, 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக் தோன்றக் காரணமாயிருந்ததும், நீண்ட ஆண்டுகள் செலவிடாமல் குறுகிய காலத்திலேயே தொழிற்கலைகளைக் கற்பிக்க முடியுமென்று வாதாடியதும் அவ்வூரின் சூழ்நிலைக்கு இயல்பானவையே. அதேபோல் பொன்மலை ரெயில்வே பட்டறை, பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் ஆகியவற்றில் அப்ரண்டிஸாகச் சேர்வதற்கு ஏழைக் குடும்பங்கள் எவ்வளவு ஆவலாக முயன்றன என்பதை அப்பகுதியார் அறிவார்கள். கையில் எண்ணெய் படியும் வேலைதான் அதுவும். அவ்வேலைக்கு உதவித்தொகையும் சட்டப் பாதுகாப்பும், பயிற்சிக்குப் பின் நிரந்தர உத்தியோகம் கிட்டுமென்ற நம்பிக்கையும் இருந்தன. ஆதலின் அதை இழிவென்று ஒருவரும் சொல்லவில்லை.

இதுகாறும் கூறியது பயிற்சியைப் பற்றியது. தொழிலுக்கு ஆயத்தமாவதில் பயிற்சிக்கு முற்பட்ட ஓர் அம்சம் உண்டு. அது தொழில்களைப் பற்றிய அறிவு. நகரத்தில் படித்த குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குச் சிற்றப்பா ஆடிட்டராகவோ, மாமா வங்கி அதிகாரியாகவோ, பக்கத்து வீட்டக்கா கட்டட வரைவாளராகவோ இருப்பார்கள். சாப்பாட்டு வேளையில் காதில் விழும் பேச்சே அதற்குப் பெரியதொரு போதனையாகிவிடுகிறது. கல்வராயன் மலையிலோ இராமநாதபுரத்துக் கடற்கரையிலோ முதல் தலைமுறையாகப் பன்னிரண்டாம் வகுப்பை எட்டிய பிள்ளைக்குத் தெரிந்த உத்தியோகங்கள் ஆசிரியர், போலீஸ், டாக்டர், கலெக்டர் என்னும் நான்கைந்தோடு முடிந்துவிடும். அறிவில் இருவரும் சமமாக இருந்தாலும், தேர்ந்தெடுப்பதில் சமமாக இருக்க முடியாது. 1945இல் போர் வீரர்களின் மறுவாழ்வுக்காகத் தோன்றிய வேலைவாய்ப்பு அலுவலகங்கள், பி. சிவராவ் குழுவின் சிபாரிசுக்குப் பின் 1956 நவம்பரில் மாநிலங்களின் பொறுப்புக்கு வந்தபோது, இளைஞர்க்குத் தொழில் வழிகாட்டுவதும் அவற்றின் கடமையென்றே கருதப்பட்டது. நடைமுறையில் நம் மாணாக்கர்க்கு அவ்வலுவலகம் ஒரு பதிவெண்ணாக மட்டுமே எஞ்சியது. மதிப்பெண் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே பள்ளியில் பதிவு நடைபெறுகிறது. பதிவு செய்தவர் பல்லாண்டு காத்திருக்கிறார். வழிகாட்டுதல் என்பது மறைந்துவிட்டது.

இக்குறையை நிவர்த்திக்க அண்மைக் காலத்தில் தமிழ்நாடு மேற்கொண்ட முயற்சிகளைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணாக்கர்க்கு உயர்கல்வி, தொழில் வழிகாட்டல் அளிக்கப்படுகிறது. கல்லூரிக் கனவு, உயர்வுக்குப் படி என்னும் நிகழ்ச்சிகளின் மூலம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களையும், இடையில் தவறியவர்களையும் தேடி அழைத்துப் பேசுகிறார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் தோன்றிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்து மேலே செல்வோர்க்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கின்றன. இவ்வுதவி கல்லூரிப் பட்டத்திற்கு மட்டுமின்றி, பாலிடெக்னிக் டிப்ளமாவுக்கும் ஐ.டி.ஐ. பயிற்சிக்கும் உண்டு. பட்டப்படிப்பையும் கைத்தொழிற் பயிற்சியையும் ஒரே தட்டில் வைத்து அரசாங்கம் மதித்தது அண்மைக் காலத்துக் கல்வி நடவடிக்கைகளில் நான் மிக உயர்வாகக் கருதும் ஒன்று.

ஆயினும், மண்டபத்தில் ஆயிரம் பேரை அமர்த்தி ஒரு நாள் முழுதும் உரையாற்றுவது தொழிலைப் பற்றிய செய்தியைத் தருமேயன்றித் தொழிலோடு பரிச்சயத்தை உண்டாக்காது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே, முதல் குரூப்பிற்குப் போகவிருப்பவர் உட்பட மாணாக்கர் யாவரும், தம் ஊரிலுள்ள ஒரு பட்டறையையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, கூட்டுறவு வங்கியையோ, அச்சகத்தையோ, விதைப் பண்ணையையோ பலமுறை சென்று கண்டு, அங்கு வேலை எவ்வாறு பகிரப்படுகிறது, யார் எதைக் கற்று அந்த ஸ்தானத்தை அடைந்தார், என்ன சம்பளம் பெறுகிறார், எவ்வித அபாயம் உண்டு என்பவற்றைத் தாமே கேட்டறிந்து எழுத வேண்டும். இதற்குப் பெரும்பொருட்செலவு இல்லை. கால அட்டவணையில் இடமும், உடன்செல்ல ஓர் ஆசிரியரும், வரவேற்க மனமுள்ள நிர்வாகமும் இருந்தால் போதும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பினர்க்குப் பத்து நாள் புத்தகப்பையின்றி உள்ளூர்த் தொழில் வல்லுநரிடம் பழகும் ஏற்பாட்டைக் கூறுகிறது. அவ்வயதில் உள்ளூர்த் தொழிலென்றால் பெரும்பாலும் குலத்தொழிலே என்று தமிழ்நாட்டில் எழுந்த ஆட்சேபம் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. ஆதலின், சற்று வளர்ந்த வயதில், தன் வீட்டாருக்குப் பழக்கமில்லாத தொழில்களையே காணுமாறு மாணாக்கரை அனுப்புவது மேல் என்று நான் கருதுகிறேன்.

வேலையிடத்திற்குப் பிள்ளைகளை அனுப்புவது என்றதும், நம் மாநிலத்தின் வரலாற்றை அறிந்தவர்க்கு வேறொரு கவலை பிறக்கும். சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் பட்ட பாடு மறக்கக்கூடியதன்று. கோவை, திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில், ஏறத்தாழ மூன்றாண்டு வேலை செய்தால் முடிவில் திருமணத்திற்கென ஒரு தொகை கிடைக்கும் என்று ஆசைகாட்டி, சுமங்கலித் திட்டம் என்ற மங்களப் பெயரில் ஏழைப் பெண்களை விடுதிகளில் அடைத்து வேலை வாங்கியபோது, அவர்களில் பலர் அப்ரண்டிஸ் என்றே ஏட்டில் எழுதப்பட்டார்கள். பயிற்சி என்ற சொல்லுக்குள் மலிவான கூலி ஒளிந்துகொள்ளும் அபாயம் இவ்வாறு நம் கண்முன் நிகழ்ந்ததே. 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி பதினான்கு வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்தலாகாது. பதினெட்டு நிரம்பாதவரை அபாயகரமான தொழிலில் ஈடுபடுத்தலாகாது. பள்ளி மாணாக்கரின் பயிற்சிக்கு இவ்வெல்லைகளோடு, எழுத்து மூலமான உடன்படிக்கையும், வரையறுத்த மணி நேரமும், உதவித்தொகையும், தவறு நேர்ந்தால் முறையிட ஓர் அதிகாரியும் இன்றியமையாதவை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் இவற்றுக்கு மாதிரி முன்பே இருக்கிறது.

ஜெர்மனியைப் பின்பற்றலாமே என்று சிலர் கூறுவர். அங்கே இளைஞர்கள் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளியிலும் எஞ்சிய நாள் தொழிற்சாலையிலும் பயில்கிறார்கள். தொழில், வணிகச் சபைகள் பரீட்சை நடத்திச் சான்று வழங்குகின்றன. ஆனால், அம்முறை கைவினைஞர் சங்கங்களின் பல நூற்றாண்டு மரபிலும், தொழிலாளர் சங்கங்களின் பலத்திலும் நிலைகொண்டது. அடித்தளமின்றி மேற்கட்டடத்தை மட்டும் பெயர்த்துக் கொணர இயலாது. நம் நாட்டில் உழைப்போரில் மிகப் பெரும்பான்மையோர் அமைப்புசாராத் துறையில் இருக்கிறார்கள். இரு சக்கர வாகனப் பட்டறையில் மேஸ்திரியிடம் ஹெல்பராகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் என்ஜினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்ளும் பையனே நம் உண்மையான தொழிற்பழகுநன். அவனுடைய திறமைக்கு எந்தக் காகிதச் சான்றும் இல்லை. வேறூருக்குப் போனால் மீண்டும் ஹெல்பராகவே தொடங்க வேண்டும். 2013இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, முன்பே கற்ற திறமையைச் சோதித்து அங்கீகரிக்கவும், அதிலிருந்து மேற்படிப்புக்கு ஏறவும் வழி வகுப்பதாகக் கூறுகிறது. இக்கொள்கை பட்டறைகள் மலிந்த தெருக்களுக்கு இறங்கி வந்து, தட்டச்சுப் பரீட்சையைப் போல் எளிதாகவும் நம்பத்தக்கதாகவும் நடத்தப்படுமானால், பள்ளியை விட்டுச் சென்றவர்களும் பள்ளியிலேயே இருப்பவர்களும் ஒரே ஏணியில் கால்வைக்க முடியும்.

இவை யாவற்றுக்கும் முன்னதாகத் தீர்க்க வேண்டியது ஆசிரியரைப் பற்றிய பிரச்சினை. 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றைக் கற்பிக்கவென 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். தையலும் தோட்டக்கலையும் கணினியும் கற்பிக்க வந்த அவர்களுக்கு, வாரத்தில் மூன்று அரைநாள் வேலையென்று நிர்ணயித்து, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம் அளிக்கப்பட்டது. அத்தொகை பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டது உண்மையே. ஆனால், பணிநிரந்தரம் வேண்டி அவர்கள் ஆண்டுதோறும் சென்னையில் வந்து போராடியதும் உண்மை. கணித ஆசிரியரும் தொழிற்கல்வி ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் அமர்ந்திருக்க, ஒருவர் காலமுறை ஊதியமும் மற்றவர் தொகுப்பூதியமும் பெறுவதை மாணாக்கர்கள் அறியாமல் இல்லை. எந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அவர்கள் பாடநூலைவிட இதிலிருந்தே விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள். மேல்நிலைப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் தொழிற்கல்வி ஆசிரியர் பணியிடங்களை முழுநேரப் பணியிடங்களாக நிரப்புவதும், தொழிற்சாலையில் அனுபவம் பெற்றோரை அவற்றிற்குத் தேர்ந்தெடுக்க விதிகளைத் தளர்த்துவதும், பள்ளிப் பட்டறைக்கு மூலப்பொருள் வாங்க ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்குவதும் அடுத்த கமிஷனின் அறிக்கைக்காகக் காத்திராமல் இப்போதே செய்யக்கூடியவை.